வானத்துக்கு உச்சவரம்பு

என் மனைவி ஜெசிந்தா வானத்துக்கு இரண்டு முறை நிறம் பூசியவள். முதல் முறை பூசியதில் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகம் பட்டினி கிடந்தது. இரண்டாம் முறை பூசியதில் அவள் தம்பி ஸ்டெனிஸ் ஜெயிலுக்குப் போனான். நான் வக்கீல். நியாயம் எங்கே இருக்கிறது என்பதைப் பீஸ் வாங்காமல் சொல்வது என் வழக்கமில்லை. இது வீட்டு விஷயம் என்பதால் சொல்கிறேன்.

தெற்கே ராக்கெட் தளம் வந்த பிறகு கடலில் ஒரு தடைவளையம் போட்டார்கள். அதற்குள் எந்தப் படகும் தெரியாமல்கூடப் போய்விடக் கூடாது. அதற்காக விசைப்படகுகளுக்கெல்லாம் தானோட்டி மாட்டி, சுக்கானுக்கு அரசாங்க முத்திரை வைத்துவிட்டார்கள். செயற்கைக்கோள் சொல்லும் இடத்தைக் கேட்டுக்கொண்டு இயந்திரமே படகை ஓட்டும். முத்திரையை உடைத்தால் லைசென்ஸ் போகும். மீனவனை நம்புவதைவிடச் செயற்கைக்கோளை நம்புவது மேல் என்று முடிவு செய்திருந்தார்கள். செயற்கைக்கோள் சங்கம் வைக்காது, சாலை மறியல் செய்யாது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அதை ஜெசிந்தா தன் தம்பிக்கு விளக்கியது எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். ஸ்டெனிஸ் விசைப்படகு வைத்திருந்தான். அக்காள் கம்ப்யூட்டரில் என்ன செய்கிறாள் என்பதில் அவனுக்கு அக்கறை இருந்ததில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டான்.

"பொழுது சாஞ்ச பொறவு மேல்வானத்துல ஒரு கொதிப்பு வரும்டா" என்றாள். "காந்த நடுக்கோடு நம்ம தெக்குச் சீமைக்கு மேலதான் போவுது. அங்கன இருக்க மின்சாரக் காத்து கஞ்சி மாதிரிக் குமிழி விடும். அந்தக் குமிழி வழியா வர்ற சிக்னல் செதறிப் போயிரும். உன் படகுக்குத் தான் எங்க நிக்கோம்னே தெரியாது."

"குடிச்சவன் மாதிரின்னு சொல்லு."

"குடிச்சவனுக்காவது வீடு தெரியும்."

அந்தக் கொதிப்பு இன்று மாலை எங்கே, எவ்வளவு இருக்கும் என்பதைப் பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து கணித்துக்கொண்டிருந்தார்கள். பெரிய கணினிகளில் ஒரு பொய் வானத்தை ஓட்டிப் பார்த்து, நிஜ வானம் என்ன செய்யும் என்று சொல்லும் வேலை. வந்த எண்களை அவர்கள் பூட்டி வைக்கவில்லை. உலகத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இந்தக் காலத்தில் இதைவிடப் பெரிய தர்மம் கிடையாது. ஆனால் கோடிக்கணக்கில் எண்களை வாங்கி மனிதன் என்ன செய்வான்? ஜெசிந்தா அவற்றைப் படமாக்கிக் காட்டும் ஒரு மென்பொருள் எழுதினாள். வலம்புரி என்று பெயர் வைத்து, அதையும் இலவசமாகவே வெளியிட்டாள். எங்கள் வீட்டில் வருமானம் என்னுடையது, புகழ் அவளுடையது.

வலம்புரியைத் திறந்தால் மன்னார் வளைகுடாவின் வரைபடம் வரும். அதன்மேல் நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு. குழந்தைக்கும் புரியும். அதனால் 'அலை' டிவிக்கும் புரிந்தது. தினமும் காலையில் செய்திக்கு நடுவே ஒரு பெண் கையை வீசி வீசி, இன்று மாலை சிவப்பு எங்கே வரும் என்று காட்டத் தொடங்கினாள். டோக்கன் ஆபீசில் அந்த டிவி ஓடிக்கொண்டிருந்தது. விடியுமுன் கடலுக்குப் போய் இரவு கரை திரும்புகிற படகுகளுக்கு அங்கேதான் டோக்கன் தருவார்கள். சிவப்பைப் பார்த்தார்கள், டோக்கனை நிறுத்தினார்கள்.

ஸ்டெனிஸ் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று கத்தியது தெருவுக்கே கேட்டது.

"அக்கா, தொழிலுக்குப் போயி எத்தன நாளாச்சு தெரியுமா? தெனமும் செவப்பு! வானத்துக்கு அம்மையா போட்டிருக்கு?"

ஜெசிந்தா எண்களைத் திறந்து பார்த்தாள். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"தப்பு என்னுதுதான். அன்னன்னைக்கு வர்ற நம்பர்ல எது பெருசோ அதுக்குச் செவப்புன்னு எழுதி வச்சுருக்கேன். வகுப்புல அத்தன பேரும் பெயிலு. ஆனா ஒருத்தன் மத்தவன விட ரெண்டு மார்க்கு கூட. அவன்தான் பர்ஸ்ட்டு. அந்த மாதிரி."

"அப்ப வானம் சும்மா கெடந்தாலும் செவப்பு."

"ஆமா."

"நெசமாவே பெருசா வந்தா?"

"அன்னைக்கும் இதே செவப்புதான்."

ஸ்டெனிஸ் என்னைப் பார்த்தான். "அத்தான், இத எதுக்கு எழுதுனாவளாம்?"

"படம் பளிச்சின்னு தெரியும்டா" என்றாள் ஜெசிந்தா. வானத்தை அந்த இடத்தில் அவள் மறந்துவிட்டிருந்தாள். படம் வரைகிறவர்கள் எல்லாருக்கும் உள்ள வியாதி அது.

இரண்டாவது வலம்புரி அப்படி வந்தது. இதில் அளவுகோல் நிலையானது. கடந்த பல வருஷத்து எண்களை வைத்து, இவ்வளவு வரை நீலம், இதற்கு மேல்தான் சிவப்பு என்று கட்டினாள். அத்தோடு நிற்காமல், 'முதல் வலம்புரியை நம்பாதீர்கள், அது சாதுவான நாளிலும் சிவப்புக் காட்டும்' என்று தன் பெயர் போட்டு ஊரறிய எழுதியும் வைத்தாள். எழுதுவதற்கு முன் வீட்டில் இருக்கிற வக்கீலை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

வானம் நீலமாயிற்று. நாள் கணக்கில், மாதக் கணக்கில் நீலம். துறைமுகத்தில் இயந்திரச் சத்தம் திரும்பி வந்தது. சென்னையில் வான்வானிலை இயக்ககம் என்று ஒன்று இருந்தது. அதன் இயக்குநர் குணாளன், இரண்டாவது வலம்புரியையே அரசின் அதிகாரபூர்வப் படம் என்று அறிவித்தார். 'அலை' டிவி மட்டும் பழையதை விடவில்லை. நீலத்தை எவன் பார்ப்பான் என்பது அவர்கள் கட்சி. டோக்கன் ஆபீசில் சேனலை மாற்றிவிட்டதால் யாருக்கும் நஷ்டமில்லை.

அதற்குள் பனிமய மாதா திருவிழா வந்தது. திருவிழாவுக்கு முந்தின நாட்களில் கடலுக்குப் போகாத படகு இருக்காது. அந்தச் சமயம் பார்த்து வலம்புரியில் துறைமுகத்துக்கு நேர் மேலே ஒரு சிவப்புப் புள்ளி. எங்கோ அயல்நாட்டில் கணினி ஒன்று தும்மியதில், நம்பவே முடியாத பெரிய எண் ஒன்று விழுந்துவிட்டது. அந்த ஒரு புள்ளிக்காக ஊர் முழுக்கத் தொழில் நின்றது. சங்கம் நடுரோட்டில் உட்கார்ந்தது. இயக்குநர் குழு போட்டார். ஜெசிந்தாவையும் அதில் உறுப்பினராக்கினார். நான் துணைக்குப் போய், பின் வரிசையில் டீயும் பிஸ்கட்டுமாக உட்கார்ந்திருந்தேன்.

"மேடம், நடக்க முடியாத நம்பரை எதுக்குப் படத்துல காட்டணும்?" என்று கேட்டார் குணாளன். கெட்ட மனிதரில்லை. மறியல் பிடிக்காத மனிதர்.

"நடக்க முடியாதுன்னு எப்படி சார் சொல்றது? இதுவரை நடக்கலன்னுதான் சொல்லலாம்."

"இதுவரை வந்த உச்சம் எவ்வளவோ, அதுக்கு மேல இன்னும் கொஞ்சம் தாராளமா வச்சுக்கங்க. அதையும் தாண்டினா அது மெஷின் கோளாறு. அதுக்கு நிறமே குடுக்க வேண்டாம்."

"அப்படின்னா கறுப்பு வச்சிரலாம். எண் சரியில்லன்னு பாக்கறவங்களுக்குத் தெரியட்டும்."

குழுவில் ஒரு முணுமுணுப்பு. ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுந்தார். "கறுப்பு வேண்டாம்மா. விடியக்கால தொழிலுக்குப் போறவன் முகத்துல கறுப்பக் காட்டலாமா? எழவு வீட்டுக் கொடி மாதிரி இருக்கும்." கறுப்பு அபசகுனம் என்பதில் அதிகாரிகள், சங்கம், விஞ்ஞானிகள் மூவரும் ஒன்றுபட்டார்கள். இந்த நாட்டில் அப்படி ஒன்றுபட்டு நான் வேறெதற்கும் பார்த்ததில்லை. சாப்பாடும் வந்துவிட்டது. கடைசியில், எல்லை தாண்டிய இடத்தில் எந்த நிறமும் பூசாமல் விட்டுவிடுவது என்று முடிவாயிற்று. ஜெசிந்தாவும் தலையாட்டினாள். அரசாணை வந்தது. இயற்கைக்கு உச்சவரம்பு விதித்த முதல் அரசாணை அதுவாகத்தான் இருக்கும்.

மறு வருஷம் வலம்புரிக்கு விருது கொடுத்தார்கள். சென்னையில் மாலை விழா. முதல் நாளே நாங்கள் ரயிலேறிவிட்டோம். விழா நாள் காலையில் ஜெசிந்தா வலம்புரியைத் திறந்து பார்க்கவில்லை. பட்டுப்புடவைக்கு ஏற்ற ரவிக்கையை ஊரிலேயே விட்டுவிட்டு வந்ததில் அவளுக்குக் காலைப் பொழுது போய்விட்டது. அவளும் மனுஷிதானே.

மேடையில் பெரிய திரை. அதில் அந்த மாலையின் படத்தையே போட்டிருந்தார்கள். தென்கடல் முழுக்கச் சிவப்பு. நடுவே, எங்கள் ஊருக்குக் கொஞ்சம் தெற்கே, தடைவளையத்தின் ஓரமாக, அழகான ஒரு நீல வட்டம்.

குணாளன் மைக்கைப் பிடித்தார். "பாருங்க. இத்தனை பெரிய கொந்தளிப்பு. நடுவுல ஒரு இடம் மட்டும் எப்படி அமைதியா இருக்கு! இந்தப் படம் இல்லேன்னா அந்த இடம் யாருக்குத் தெரியும்? காலையில இதைப் பார்த்துட்டு, நீல வட்டத்துக்குள்ள மட்டும் தொழில் செய்யலாம்னு படகுகளுக்கு டோக்கன் குடுத்திருக்காங்க. இதுதான் அறிவியல்."

கைதட்டல். ஜெசிந்தா கழுத்து மாலையோடு திரும்பித் திரையைப் பார்த்தாள். அவள் முகம் மாறியதை நான் மூன்றாவது வரிசையிலிருந்து பார்த்தேன். சிவப்பும் மஞ்சளும் திரையில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன. நீல வட்டத்தின் உள்ளே ஒன்றும் அசையவில்லை. அந்த நீலம் வலம்புரி பூசிய நீலமில்லை. அடியில் இருந்த வரைபடத்தின் கடல் நீலம்.

அவள் குணாளன் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள்.

"அது அமைதி இல்ல, ஓட்டை! நம்பர் நாம வச்ச எல்லையத் தாண்டிப் போயிட்டுது. அங்கதான் எல்லாத்தையும் விடப் பெருசா இருக்கு. படகத் திருப்பச் சொல்லுங்க!"

ஏதோ உருக்கமாகப் பேசுகிறாள் என்று நினைத்து மறுபடியும் கைதட்டினார்கள்.

நான் துறைமுகக் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டேன். அங்கிருந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். "சார், அந்த இடம்தான் சார் சேப்டி. மேடம் வலம்புரியே நீலம் காட்டுது." மேடம்தான் சொல்கிறாள் என்று நான் சொன்னதற்கு, "மேடம் சொல்றாங்களா, வலம்புரி சொல்லுதா சார்?" என்று கேட்டான். அதற்குள் சென்னை வானமும் இருட்டிவிட்டது.

அங்கே நடந்ததை ஸ்டெனிஸ் பிற்பாடு ஜெயில் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னான். பொழுது சாய்ந்த கொஞ்ச நேரத்தில் படகுக்குத் தான் நிற்கும் இடம் தெரியாமல் போயிற்று. தெரியாமல் போனால் நின்றிருக்க வேண்டும். அது நிற்கவில்லை. தான் கரைப்பக்கமாக ஒதுங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு, திருத்திக்கொள்வதற்காகத் தெற்கே முழு வேகத்தில் ஓடியது. மழை மூட்டம், கரை விளக்கு ஒன்றும் தெரியவில்லை. ஸ்டெனிஸ் கையில் கோடாலியோடு முத்திரைக்கு முன்னால் நின்றிருக்கிறான்.

"ஒடைச்சா லைசென்ஸ் போயிரும்னு நின்னேன் அத்தான். அக்கா படம் நீலமாத்தான இருந்துச்சு, இப்பச் சரியாயிரும், இப்பச் சரியாயிரும்னு நின்னேன். படகு தடைவளையத்து இரும்பு மிதவைல போயி மோதுச்சு. முன்பக்கம் அணியத்துல நின்ன கஸ்பார் கடலுக்குள்ள விழுந்துட்டான். அவன் விழுந்த பொறவுதான் ஒடைச்சேன்."

கஸ்பாரை மறுநாள் காலையில் எடுத்தார்கள். ஸ்டெனிஸோடு பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாகச் சுற்றியவன். எங்கள் கல்யாணத்தில் விடிய விடியப் பந்தி பரிமாறியவன். அடக்கத்துக்கு ஜெசிந்தா போனாள். யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். வீட்டுக்கு வந்து, பட்டுப்புடவையை மடித்து வைத்தபடி சத்தமில்லாமல் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. நான் குளியலறைக்குப் போய்விட்டேன்.

ஸ்டெனிஸ்மேல் போட்ட வழக்கு என்ன தெரியுமா? ராக்கெட் ஏவும் நாளில் தடைக்கடலுக்குள் வேண்டுமென்றே நுழைந்தது, முத்திரையை உடைத்தது, அதனால் ஒரு உயிர் போனது. வானம் கலங்கியிருந்தது, இயந்திரம் ஏமாந்தது என்று நாங்கள் சொன்னோம். அரசு வக்கீல் பொன்னையா, இயக்ககம் சீல் போட்டுக் கொடுத்த படத்தை நீதிபதியிடம் நீட்டினார். மோதிய இடம் துல்லியமாகக் குறிக்கப்பட்டிருந்தது. சுத்தமான நீலத்தின் நட்டநடுவில்.

"வானம் தெளிவா இருக்கு, சுக்கான் முத்திரை ஒடைஞ்சிருக்கு. இதுக்கு மேல சாட்சி எதுக்கு அம்மா?" என்றார் பொன்னையா.

நீதிபதி மரகதவல்லி நிதானமான பெண்மணி. ஜெசிந்தா மூல எண்களைக் காட்டுவதாகச் சொன்னபோது, காட்டச் சொன்னார். திரையில் எண்கள் ஓடின. ஓடிக்கொண்டே இருந்தன. சிறிது நேரம் பார்த்துவிட்டு, "இதுல நான் எதைம்மா பார்க்கணும்?" என்றார். பிறகு, "படமா இருந்தாக் குடுங்க."

ஜெசிந்தா அளவுகோலை உயர்த்திப் புதிதாக ஒரு படம் வரைந்து கொண்டுவந்தாள். அந்த இடம் இப்போது ரத்தச் சிவப்பு. பொன்னையா இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். அந்த மனிதர் வாழ்நாளில் கேட்ட ஒரே நல்ல கேள்வி அதுதான்.

"ரெண்டும் ஒரே நம்பர்தானம்மா?"

"ஆமா."

"அப்ப நிறத்தை முடிவு பண்றது நம்பர் இல்ல, நீங்க."

வருஷக்கணக்காக ஜெசிந்தா எல்லாரிடமும் சொல்லிவந்ததும் அதுதான். குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவனுக்கு அக்காள் வேறு. அவள் வரைந்த புதுப் படம் அப்போதே செத்துப்போயிற்று. ஸ்டெனிஸ் தலையைக் குனிந்துகொண்டான். எத்தனை வருஷம் உள்ளே இருக்கப்போகிறான் என்று நான் மனசுக்குள் கூட்டிப் பார்க்கத் தொடங்கினேன்.

வழி எனக்குக் கிடைத்தது டீக்கடையில். கோர்ட்டுக்கு எதிரே டீக்கடை டிவியில் 'அலை' ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் கையை வீசிச் சிவப்பைக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினேன்.

அந்தக் கெட்ட நாளிலும் அந்தச் சேனல் சிவப்புக் காட்டியிருக்கும் அல்லவா! காட்டியிருந்தது. விடியுமுன், ஊரே பார்க்க, மோதல் நடப்பதற்குப் பல மணி நேரம் முன்னால். முதல் வலம்புரிக்கு எல்லையும் கிடையாது, ஓட்டையும் கிடையாது. அன்றைக்கு எது பெரிதோ அதற்குச் சிவப்பு. மோதிய இடம் சிவப்பிலும் சிவப்பு. ஸ்டெனிஸுக்கும் அந்தச் சேனலுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. சட்டத்துக்கு இதைவிடச் சுத்தமான சாட்சி வேண்டுமா?

வீட்டில் ஜெசிந்தாவிடம் சொன்னேன். அவள் என்னை ஏதோ அசிங்கத்தைக் கொண்டுவந்தவனைப் போலப் பார்த்தாள்.

"அது தெனமும் செவப்புத்தாங்க காட்டும். நேத்தும் காட்டுச்சு, இன்னைக்கும் காட்டுது. ஓடாத கடியாரம் மாதிரி."

"அன்னைக்கு அது காட்டின நேரம் சரியா, இல்லியா?"

"சரி."

"எனக்கு அது போதும்."

"அத நம்பாதீங்கன்னு நானே எழுதியிருக்கேன். இப்ப நானே கூண்டுல ஏறி நின்னு..."

"உன் தம்பி உள்ள இருக்கான் ஜெசி. உண்மையச் சொல்லுதது உன் படம் இல்ல. அந்தப் பொய்யிதான் சொல்லுது. நான் என்ன செய்ய?"

அவள் எழுந்து போனாள். ஆனால் மறுநாள் கோர்ட்டுக்கு வந்தாள்.

கூண்டில் நின்றவளிடம் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். டிவி காட்டிய படத்தைக் கையில் கொடுத்து, "அன்னிக்கு மாலை, இந்த இடத்துல இந்தப் படம் காட்டுற சிவப்பு மெய்யா, பொய்யா?"

"மெய்" என்றாள்.

பொன்னையா எழுந்தார். அவள் அந்தப் பழைய வலம்புரியை நம்பாதீர்கள் என்று எழுதியது அவருக்குத் தெரிந்திருந்தால் எங்கள் கதை முடிந்தது. ஊரறிய எழுதியதுதான், ஆனால் அவர் ஊரில் படிக்கிற வழக்கமில்லை. "கேள்வி இல்லை அம்மா" என்று உட்கார்ந்துவிட்டார். நான் மூச்சு விட்டேன். ஜெசிந்தா கூண்டை விட்டு இறங்கவில்லை.

"அம்மா, இன்னொண்ணும் சொல்லணும்" என்றாள் நீதிபதியைப் பார்த்து. "அந்தப் பழைய படம் தெனமும்..."

நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன்.

"கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னாப் போதும்மா" என்றார் நீதிபதி. "இறங்குங்க."

ஸ்டெனிஸ் விடுதலையானான். தீர்ப்பில் நீதிபதி உருக்கமாக எழுதியிருந்தார். அரசின் படம் மறைத்த ஆபத்தை ஒரு தனியார் தொலைக்காட்சி துணிந்து காட்டியிருக்கிறது என்றும், இனிமேல் டோக்கன் அந்தப் படத்தை வைத்தே வழங்கப்பட வேண்டும் என்றும். அதே தீர்ப்பை வைத்துக் கஸ்பார் மனைவிக்கும் அரசு உதவி கிடைத்தது. ஜெசிந்தா தீர்ப்பை ஒரு தரம் படித்துவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். நன்றி என்று அவள் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

பிறகு நடந்ததை நீங்களே சொல்லிவிடுவீர்கள். தினமும் சிவப்பு. டோக்கன் இல்லை. சங்கம் நடுரோட்டில் உட்கார்ந்தது. குணாளன் மறுபடி ஒரு குழு போட்டார். தீர்ப்பை மீற முடியாது, மறியலையும் தாங்க முடியாது. ஆகவே, 'சிவப்பு நாட்களிலும் டோக்கன் வழங்கலாம்' என்று ஒரு அரசாணை வந்தது. படம் சட்டப்படி சிவப்பாக இருந்தது, படகுகள் சட்டப்படி கடலுக்குப் போயின. எல்லாருக்கும் திருப்தி.

ஸ்டெனிஸ் மட்டும் ஒருநாள் வந்து அக்காளிடம் கேட்டான்.

"நெசமாவே செவப்பு வந்தா எனக்கு எப்படிக்கா தெரியும்?"

அன்றிலிருந்து ஜெசிந்தா விடியுமுன் எழுந்து, படம் எதையும் திறக்காமல், மூல எண்களில் தம்பியின் கடலுக்கு உரியதை மட்டும் தேடிப் படிப்பாள். போன் போட்டு, "போ" என்பாள். எப்போதாவது, "வேண்டாம்". ஒரு தடவை அவள் வேண்டாம் என்ற நாளில், போன படகுகள் இருட்டில் திசை தவறி, படாத பாடு பட்டுக் கரை சேர்ந்தன. ஸ்டெனிஸ் படகு மட்டும் கரையில் கட்டிக் கிடந்ததைத் துறைமுகம் பார்த்தது.

போன வாரம் ஒரு விடியற்காலை என் போன் அடித்தது. ஸ்டெனிஸ். குரல் ஈனசுரத்தில் இருந்தது.

"அத்தான், அக்காகிட்ட குடுங்க. ஒரு இஞ்சினு சத்தம்கூடக் கேக்கல. கடல் ஏன் சும்மா கெடக்கு? பெருசா எதும் வருதா?"

ஜெசிந்தா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு எண்களைத் திறந்தாள். வானம் அன்று பச்சைக் குழந்தை போலத் தூங்கிக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் இல்லியேடா. அப்பமே போலாம்னு சொன்னேன்லா? நீ ஏன் போவல?"

"நேத்து வடையில என்னத்தப் போட்டானோ, ராவெல்லாம் வயித்தால போவுது. எந்திரிக்க முடியல."

ஜெசிந்தா போனைக் கையில் பிடித்தபடி டிவியைத் திரும்பிப் பார்த்தாள். டிவியில் அந்தப் பெண் வழக்கம்போல் கையை வீசிக்கொண்டிருந்தாள். துறைமுகத்தில் எவரும் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். கட்டிக் கிடக்கும் ஒரு படகைப் பார்த்துக்கொண்டு, வலையும் ஐஸுமாக, அத்தனை பேரும் கரையில் நின்றிருப்பார்கள்.

"ஸ்டெனிஸ்" என்றாள். "அவங்க ஒன்னப் பாத்துத்தான் நிக்காங்கடா."

"அப்ப எனக்குச் சீக்கே வரக்கூடாதா?" என்றான். சிரிப்பான் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "கஸ்பார் இருந்தா அவன ஓட்டச் சொல்லியிருப்பேன்."

போனை அவன் வைக்கவில்லை. கட்டில் முனகுவதும், பாத்திரம் உருளுவதும், கதவு திறப்பதும் கேட்டன. வெகுநேரம் கழித்து, தூரத்தில் ஒரு இயந்திரம் இருமிக் கிளம்பியது. அதன்பின் இன்னொன்று. அதன்பின் எண்ண முடியவில்லை.